கைதட்டினால் மட்டும் போதுமா?



எங்கள் கயத்தாற்றிலிருந்து வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் கோவில்பட்டி வரும். தீப்பெட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர். 2020ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவற்றோடு ஹாக்கி விளையாட்டுக்கும் அது பெயர் பெற்ற ஊர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அதே அணியில் ஆடிய கார்த்தி அரியலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியா போட்ட ஒரே கோல் அவர் அடித்ததுதான்.

நமக்கெல்லாம் பெருமைதான். கைதட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹாக்கி அணியில் பதினொரு பேர். கபடி அணியில் ஏழு பேர். ஒரு பள்ளியில் ஐந்நூறு பேர் படித்தால், எல்லா அணிகளையும் சேர்த்தாலும் மைதானத்தில் இறங்கி ஓடுகிறவர்கள் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். மீதி நானூற்றுச் சொச்சம் பேர் வேப்பமரத்தடியில் நின்று கைதட்டுகிறார்கள்.

கைதட்டுகிறவர்களின் இருதயம் என்ன செய்கிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இருதயம் ஒரு தசை

உங்கள் கைமுட்டி அளவே உள்ள இருதயம் நிமிடத்துக்கு சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை? 70ஐ 60ஆல் பெருக்கி, அதை 24ஆல் பெருக்குங்கள். 1,00,800 வருகிறதா? ஒரு லட்சம்! பதினைந்து வயதாகும் உங்களுக்கு இதுவரை ஐம்பத்தைந்து கோடி முறைக்கு மேல் அது துடித்திருக்கிறது. ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

வளர்ந்த மனிதனின் இருதயம் ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. வேகமாக ஓடும்போது அதே இருதயம் 20 லிட்டர் வரை தள்ளும். நல்ல பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு இது 30 லிட்டரையும் தாண்டும். எப்படி? ஓடும்போது தொடையும் கெண்டைக்காலும் ஆக்ஸிஜன் கேட்கின்றன. இருதயம் வேகமாகத் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைத் தள்ளுகிறது.

இருதயமும் ஒரு தசைதான். வேலை கொடுத்தால் அதன் திறன் வளரும். பல வாரங்கள் தொடர்ந்து ஓடுகிறவரின் இருதயம் ஒரே துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. அதனால் அவர் சும்மா இருக்கும்போது அது மெதுவாகத் துடித்தாலே போதுமானதாகிவிடுகிறது.

இந்தத் தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நீருக்குள் முகம் அமிழ்ந்ததும் மனித இருதயம் தானாகவே வேகத்தைக் குறைத்து, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைச் சிக்கனப்படுத்துகிறது. கரையில் ஓடும்போதோ வேகத்தைக் கூட்டுகிறது. அப்படி வேகத்தைக் கூட்டும் சந்தர்ப்பம் நாள்தோறும் கிடைத்தால்தான் இருதயத்தின் திறன் வளரும். அணியில் இருப்பவனுக்கு அது கிடைக்கிறது. கைதட்டுபவனுக்குக் கிடைப்பதில்லை.

ஓடும் இரத்தமே மருந்து

இருதயத்தைப் போலவே முக்கியமானவை இரத்தக் குழாய்கள். இவற்றைத் தண்ணீர்க் குழாய் போல வெறும் குழாய் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அது சரியல்ல. குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காக மெல்லிய செல்கள் பதிந்திருக்கின்றன. அவை உயிருள்ளவை, உணர்ச்சி உள்ளவை.

இரத்தம் வேகமாக ஓடும்போது இந்தச் செல்களை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணர்ந்ததும் அவை ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. ஆம், மோட்டார் வண்டிப் புகையில் இருக்கும் அதே வாயுதான்! ஆனால் இங்கே அது மிக மிகச் சிறிய அளவில் உண்டாகி, சில விநாடிகளே இருந்து, குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, இரத்தம் தாராளமாக ஓடுகிறது. குழாயின் உட்பக்கத்தில் இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வாயுவின் வேலைகளில் ஒன்று. இதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கண்மாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். அது எளிதில் தூர்ந்துபோவதில்லை. இரத்தக் குழாய்க்கும் ஏறக்குறைய அதே நியதிதான். நாள்தோறும் சிறிது நேரம் இரத்தம் விரைந்து ஓடினால் குழாய்கள் இளமையோடு, வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கின்றன. எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தன்மை மெல்லக் குறைகிறது.

"அதெல்லாம் ஐம்பது வயதில்தானே?"

இப்படி நீங்கள் கேட்கலாம். மாரடைப்பு தாத்தாக்களுக்கு வரும் நோய். நமக்கென்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நோய் வெளியே தெரிவது ஐம்பது வயதில் என்றால், அது தொடங்குவதும் ஐம்பது வயதில்தானா?

கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். முடிவு 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீரர்களின் சராசரி வயது 22தான். ஆனால் அவர்களில் 77 விழுக்காட்டினரின் இருதயக் குழாய்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது! சிலருக்கு லேசாக, சிலருக்குக் கடுமையாக. மருத்துவ உலகம் திகைத்துப்போயிற்று.

பிறகு 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற ஒரு சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளின் எடை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அளக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் விடாமல் அளந்தார்கள். அந்த ஊரில் விபத்து போன்ற காரணங்களால் இளம் வயதில் இறந்துபோனவர்களின் குழாய்களையும் பரிசோதித்தார்கள். பிள்ளைப் பருவத்திலேயே குழாய்ச் சுவரில் கொழுப்புக் கோடுகள் விழத் தொடங்குகின்றன என்பதும், அதிக எடை, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, புகைபிடித்தல் என்று கேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரச் சேர அந்தக் கோடுகள் பெருகுகின்றன என்பதும் 1998ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்விலிருந்து உறுதியாயிற்று.

நம் நாட்டு நிலை என்ன? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. வளர்ந்தவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். மூன்றில் ஒருவர்! உங்கள் தெருவில் மூன்று பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம்தான். ஆனால் மாத்திரை வீடு தேடி வரும் வயது வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரே பஸ், இரண்டு இருதயங்கள்

இலண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் அந்தக் காலத்தில் டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர் இருந்தார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இரு சாராரையும் ஒப்பிட்டு 1953ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம்!

உடனே ஒப்புக்கொண்டுவிடலாமா? அறிவியல் படிப்பவர்கள் அப்படிச் செய்யக்கூடாது. ஒருவேளை, வேலையில் சேரும்போதே டிரைவர்கள் குண்டாக இருந்திருந்தால்? மாரிஸ் குழுவினருக்கே இந்தச் சந்தேகம் வந்தது. பஸ் ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயதிலேயே டிரைவர்களின் கால்சட்டை பெரிதாகத்தான் இருந்தது! அந்த உண்மையையும் அவர்கள் 1956ஆம் ஆண்டில் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆகவே பஸ்ஸை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் தபால் துறையிலும் இதே போக்குத் தெரிந்தது: நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களைவிட நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம். பிறகு சுவீடன் நாட்டில் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் ஏழரை லட்சம் இளைஞர்களுக்கு 18 வயதில் உடல் தாங்குதிறன் அளக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, 18 வயதில் தாங்குதிறன் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஆய்விலும் ஏதேனும் ஒரு குறை இருக்கலாம். ஆனால் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு வழியில் தேடியவர்கள் ஒரே திசையைக் காட்டும்போது அதை அலட்சியம் செய்யலாகாது.

வேன் வாசலுக்கு வருகிறது

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்லும் அளவு இது: நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும்படியான இயக்கம். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பதில்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் சரிதான். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் போதுமானது.

146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களைப் பற்றிய விவரங்களை அந்த நிறுவனம் திரட்டியது. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் எட்டவில்லை. ஆண்களைவிடப் பெண்கள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். முன்பு கரிசல் காட்டு வழியே ஊர் ஊராக நடந்து பள்ளிக்கு வந்தார்கள். இப்போது வேன் வாசலுக்கே வருகிறது. மாலையில் டியூஷன். இரவில் செல்போன். வேனைக் குறை சொல்ல நான் வரவில்லை. லாரிகள் பறக்கும் நான்குவழிச் சாலையைச் சிறு பிள்ளை தனியாகக் கடந்து வரட்டும் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சாலை பறித்துக்கொண்ட அந்த நடையை வேறு எங்காவது திருப்பித் தந்தாக வேண்டும். அந்த இடம் பள்ளி மைதானம்தான்.

ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து, வீட்டில் தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்ணுக்கு இந்த உபதேசம் தேவையில்லை. அவளுக்குத் தேவை நல்ல சாப்பாடு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. ஆக்ஸிஜனைச் சுமப்பது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் இருதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் தசைக்குப் போதிய ஆக்ஸிஜன் போய்ச் சேராது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும் தோழியைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசாமல் விழுங்கச் சொல்லுங்கள். கீரையும் கடலைமிட்டாயும் சாப்பிடச் சொல்லுங்கள்.

அவுட் ஆனவன் உட்காரலாமா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் இரண்டு விதமாக வீணாகிறது.

ஒன்று, அதைக் கணக்குக்கோ இங்கிலீஷுக்கோ கொடுத்துவிடுவது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இது மிகவும் அதிகம். "மார்க் குறைந்துவிடுமே" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கனடாவில் துருவா ரிவியேர் என்ற வட்டாரத்தில் 1970ஆம் ஆண்டு தொடங்கி ஏழு ஆண்டுகள் ஒரு சோதனை செய்தார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மற்றப் பாட நேரத்தைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். மார்க் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. ஓடினால் எல்லோரும் முதல் மார்க் வாங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடுவதால் மார்க் போய்விடாது என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது வீண், யாரும் கவனிக்காதது. பி.டி. பீரியட் நடக்கிறது, ஆனால் அது அணிக்கு ஆள் பொறுக்கும் பீரியடாக நடக்கிறது. நன்றாக ஓடுகிறவனுக்குப் பந்து கிடைக்கிறது. ஓட முடியாதவன் செருப்புகளுக்குக் காவல். விளையாட்டின் விதிகளையே பாருங்கள். கபடியில் முதலில் அவுட் ஆகிறவன் யார்? வலு குறைந்தவன். அவுட் ஆனவன் என்ன செய்கிறான்? கோட்டுக்கு வெளியே போய் உட்காருகிறான். யாருக்கு இயக்கம் அதிகம் தேவையோ அவன்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறான்! கணக்கில் பலவீனமாக இருப்பவனை ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே உட்கார வைப்பாரா? கூடுதல் கணக்கல்லவா கொடுப்பார்?

இதை மாற்றப் பணம் வேண்டாம். அவுட் ஆனவர் மைதானத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டு மறுபடி ஆட்டத்தில் சேரலாம் என்று வகுப்பு ஆட்டத்தில் விதியை மாற்றிக்கொள்ளலாம். பந்து ஒன்றுதான் இருக்கிறதா? ஒரு பாதி ஆடட்டும், மறு பாதி கயிறு தாண்டட்டும். பத்து நிமிடத்தில் மாறிக்கொள்ளட்டும். பெண்களுக்கு மைதானத்தில் சரிபாதி நேரம் என்று பலகையில் எழுதி வைக்கலாம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளைத் துருப்பிடிக்க விடாமல், சாலை பாதுகாப்பாக உள்ள ஊர்க்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து மிதித்து வரலாம். எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். ஆகையால் ஓட்டமெல்லாம் காலையிலோ மாலையிலோ இருக்கட்டும். தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். அது ஓய்வு நாடி. பிறகு சுமார் 30 செ.மீ. உயரமுள்ள ஒரு படியில் மூன்று நிமிடம் ஒரே சீராக ஏறி இறங்குங்கள். முடிந்ததும் உட்கார்ந்து உடனே ஒரு முறை, ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை எண்ணுங்கள். நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் நாடி பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எட்டு வாரம் நாள்தோறும் விளையாடிவிட்டு மறுபடி அதே படியில், அதே நேரத்தில் சோதியுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவர் உடலும் வேறு. உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, முன்பே இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தாலோ, மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பொருத்தமான இயக்கம் உண்டு. அதை அவர் சொல்லுவார்.

அடுத்த முறை உங்கள் பள்ளி அணி கோப்பையோடு வந்தால் நன்றாகக் கைதட்டுங்கள். மறுநாள் உங்கள் வகுப்பு பி.டி. பீரியடில் எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பி.டி. ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் மரியாதையாகக் காட்டிப் பேசுங்கள். இரண்டாவது எண் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால், அதுவும் உங்கள் பள்ளி வென்ற ஒரு கோப்பைதான்.